கழித்த பிறகு மிஞ்சும் வீசுதல்கள்: டிராஃப்டுக்கு முன் ஒரு குவார்ட்டர்பேக்கை எடைபோடுவது எப்படி?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஆடும் எங்கள் அணிக்கு, இந்த முறை டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் நிகழ்ச்சியில், முதல் ஐந்துக்குள் ஒரு தேர்வு வந்திருக்கிறது. எல்லோரும் ஒரே கல்லூரி குவார்ட்டர்பேக்கின் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) பெயரைத்தான் சொல்கிறார்கள். போன சீசனில் 420 முறை வீசி 298 பிடிபட்டன, அதாவது 71 சதவீதம். டச்டவுன் (புள்ளி எடுத்தவை) 38, இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்டவை) 6. ஆனால் கை எட்டே முக்கால் அங்குலம்தான், அது ஆபத்து என்று அலுவலகத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். முதல் சுற்றில் இப்படி எடுத்த எத்தனையோ பேர் தேறவில்லையே என்ற பயமும் இருக்கிறது. டிவியில் பார்த்தே ஒருவனைச் சரியாக எடைபோட முடியுமா? எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பதில்: டிவியைப் பார்த்தே பாதிக்கு மேல் எடைபோட்டுவிடலாம். ஆனால் 71 சதவீதத்திலிருந்து தொடங்காதீர்கள். அந்த எண் பொய் இல்லை. அதில் பயிற்சியாளரின் பங்கு எவ்வளவு, பந்தைப் பிடிக்கும் ரிசீவரின் பங்கு எவ்வளவு, வீசியவனின் பங்கு எவ்வளவு என்பது பிரிக்கப்படாமல் கிடக்கிறது, அவ்வளவுதான்.

முதல் வேலை கழித்தல். ஒவ்வொரு முயற்சியும் (ப்ளே) தொடங்கும் ஸ்கிரிமேஜ் கோட்டுக்குப் பின்னாலேயே பிடிபட்ட ஸ்க்ரீன், பபிள், ஸ்விங் வகைக் குட்டி வீசுதல்களைத் தனியே ஒதுக்குங்கள். அடுத்து ஆர்பிஓ. முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்கள் ஓட்டத்துக்குத் தடுப்பதுபோல முன்னேற, குவார்ட்டர்பேக் எதிரணியின் இரண்டாம் வரிசையில் நிற்கும் ஒரே ஒரு லைன்பேக்கரைப் பார்த்து, பந்தை ஓடுபவரிடம் கொடுப்பதா வீசுவதா என்று முடிவெடுக்கும் ப்ளே அது. ப்ளே-பை-ப்ளே பட்டியலில் இது தனியாகக் குறிக்கப்படுவதில்லை, ஆட்டத்தைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். கல்லூரி விதிப்படி லைன்மேன் 3 யார்டு வரை முன்னே போகலாம். என்எஃப்எல்லில் 1 யார்டுதான். அந்த இரண்டு யார்டு வித்தியாசத்தில்தான் கல்லூரி லைன்பேக்கர் ஓட்டம் என்று ஏமாந்து முன்னே வருகிறார், அவர் முதுகுக்குப் பின்னால் ரிசீவர் தனியாக நிற்கிறார். வேண்டுமென்றே வெளியே எறிந்தவற்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது வீசுபவனுக்கு நியாயம் செய்வதற்காக.

ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் ஆளின் 420 வீசுதல்களில் 95 கோட்டுக்குப் பின்னால், அதில் 88 பிடிபட்டன என்று வைத்துக்கொள்வோம். ஆர்பிஓ 60, அதில் 49. மீதி 265 வீசுதலில் 161. 71 சதவீதம் என்று பேசிக்கொண்டிருந்தது 61க்கும் கீழே வந்துவிட்டது. இது நான் போட்ட எண், அவன் உண்மை எண் வேறாக இருக்கும். ஆனால் ஏதாவது ஒரு சரிவு இருக்கத்தான் செய்யும். ஐந்து புள்ளி சரிந்தால் ஒன்றுமில்லை. பத்து, பன்னிரண்டு என்று போனால் அந்தத் தாக்குதல் முறைதான் அவனைச் சுமந்திருக்கிறது.

கழித்தல் இன்னும் முடியவில்லை. மீதியிலிருந்து, ஓட்டத்துக்குப் பந்தைக் கொடுப்பதுபோல் ஏமாற்றி, யாரும் பக்கத்தில் நெருங்காமல் வீசிய ப்ளே-ஆக்‌ஷன் வீசுதல்களையும் எடுங்கள். இப்போது கையில் இருப்பவை: நேராகப் பின்வாங்கி வீசியவை, மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 7 யார்டுக்கு மேல் தேவைப்பட்டவை, அழுத்தத்தில் வீசியவை, முதலில் பார்த்த ரிசீவர் அடைபட்டுப்போனவை. ஒரு சீசனில் இவை நூற்றுச் சொச்சம்தான் தேறும். ஞாயிற்றுக்கிழமை என்எஃப்எல் ஆட்டத்தில் அவனுக்கு வரப்போவது பெரும்பாலும் இவைதான். என் மதிப்பீட்டில் முக்கால் பங்கு எடை இவற்றுக்குத்தான். மற்றவை பக்கவாத்தியம்.

எந்த ஆட்டங்களைப் பார்ப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். யூடியூபில் கிடைக்கும் சிறந்த தருணத் தொகுப்பு எதற்கும் உதவாது. குறைந்தது ஐந்து முழு ஆட்டங்கள் வேண்டும். அந்த சீசனில் அவன் சந்தித்த மிக வலுவான டிஃபென்ஸ் (தடுப்பு அணி), அவன் தோற்ற ஆட்டம், குளிரிலோ மழையிலோ வெளியூரில் ஆடியது ஒன்று, கடைசிக் காலாண்டில் பின்தங்கித் துரத்தியது ஒன்று, முந்தைய வருடத்திலிருந்து ஒன்று. கடைசி ஒன்றை விட்டுவிடாதீர்கள். ஒரு வருடத்தில் என்ன தவறைத் திருத்திக்கொண்டான் என்பது அதில்தான் தெரியும். 52-10 என்று ஜெயித்த ஆட்டத்தைப் பார்ப்பது நேர விரயம்.

டிவி படத்தின் குறை என்னவென்று தெரிந்துகொண்டு பாருங்கள். 22 பேரும் தெரியும் பயிற்சியாளர் படத்தை என்எஃப்எல் தன் சந்தாதாரர்களுக்கு விற்கிறது. கல்லூரி ஆட்டங்களுக்கு அது பொதுவில் கிடையாது. டிவி கேமரா நெருக்கமாக நிற்பதால் ஸ்னாப் ஆன (பந்து பின்னால் தரப்பட்ட) மறு நொடியே, தடுப்பின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டிகள் சட்டத்துக்கு வெளியே போய்விடுவார்கள். ஆகவே ரீப்ளேயில் தெளிவாகக் காட்டினாலொழிய "அங்கே ஒருவன் காலியாக நின்றான், இவன் பார்க்கவில்லை" என்று எழுதாதீர்கள். ஆனால் அவன் தலைக்கவசம் எந்தப் பக்கம் திரும்புகிறது, கால்கள் என்ன செய்கின்றன, பந்து கையை விட்டுப் போக எத்தனை நொடி என்ற மூன்றும் டிவியில் முழுசாகத் தெரியும். அது போதுமான அளவு தீனி.

கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள். பந்து, ஸ்னாப் செய்யும் சென்டரின் கையை விட்டதும் தொடக்கம், குவார்ட்டர்பேக்கின் கையை விட்டதும் நிறுத்தம். என்எஃப்எல்லில் சராசரி 2.7, 2.8 நொடி அளவில் நிற்கிறது. உங்கள் ஆள் நேர்ப் பின்வாங்கலில் 3.2 என்று தொடர்ந்து எடுத்துக்கொண்டால், கல்லூரியில் அவன் முன்னால் நிற்கும் ஐந்து பேர் அதை அனுமதிக்கிறார்கள் என்று பொருள். அடுத்த வருடம் அனுமதிக்க மாட்டார்கள்.

இனி மிக முக்கியமான பயிற்சி. பந்து விரலை விட்டுப் பிரியும் அந்தக் கணத்தில் படத்தை நிறுத்துங்கள். அகலமான கோணமோ ரீப்ளேயோ இருக்கும்போது ரிசீவர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். 14 யார்டு ஓடி உள்ளே வெட்டும் டிக் ரூட் என்றால், ரிசீவரின் முதுகு இன்னும் குவார்ட்டர்பேக்குக்குக் காட்டியபடி, அவர் வெட்டுவதற்குக் காலை ஊன்றும் நேரத்தில் பந்து கிளம்பியிருக்கிறதா? அப்படியானால் இவன் ரிசீவரை நம்பியும் டிஃபென்ஸைப் படித்தும் வீசுகிறான். ரிசீவர் திரும்பி, முகம் காட்டி, இரண்டடி ஓடிய பிறகே பந்து கிளம்புகிறதா? அவன் கண்ணால் கண்டால்தான் வீசுபவன். கல்லூரியில் அதுவும் பிடிபடும், ஏனென்றால் ரிசீவரைத் தடுக்க நிற்கும் கார்னர் மூன்றடி தள்ளி இருப்பார். மேலே போனால் அந்த மூன்றடி ஒன்றாகிவிடும். ஐந்து ஆட்டத்தில் இருபது வீசுதலை இப்படி நிறுத்திப் பார்த்தால் போதும், ஆள் எந்த ரகம் என்பது பிடிபட்டுவிடும்.

கைபலத்தைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மைதானத்தின் அகலம் கல்லூரி, என்எஃப்எல் இரண்டிலும் 160 அடிதான், ஆனால் ஒவ்வொரு ப்ளேயும் எந்த இரு வரிசைகளுக்கு இடையிலோ அவற்றின் மேலோ தொடங்க வேண்டும் என்று காட்டும் ஹாஷ் குறிகள் வேறு. கல்லூரியில் இரண்டு ஹாஷ் வரிசைக்கும் இடையே 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். பந்து இடது ஹாஷில் இருக்கும்போது வலது ஓரக்கோடு கல்லூரியில் 100 அடி தூரம், என்எஃப்எல்லில் 89 அடி 3 அங்குலம். குவார்ட்டர்பேக் 7 யார்டு பின்னால் நின்று, எதிர்ப்பக்க ஓரத்தில் 15 யார்டு ஓடி வெளியே வெட்டும் அவுட் ரூட்டுக்கு வீசினால் பந்து காற்றில் ஏறத்தாழ 40 யார்டு பறக்க வேண்டும். என்எஃப்எல்லில் அதே வீசுதல் 37 யார்டு அளவில் அடங்கும். ஆகவே கல்லூரிப் படத்தில் தூர ஹாஷிலிருந்து இந்த ஒரு வீசுதலைத் தேடிப் பிடியுங்கள். பந்து வளையாமல், ரிசீவரின் வெளித்தோளுக்கு, கார்னர் வந்து சேருவதற்குள் போய்விட்டால் கைபலக் கேள்வி முடிந்தது. 60 யார்டு குண்டு வீசுவது கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் அது ஒரு ஆட்டத்தில் ஓரிரு முறைதான் வரும். இன்னொரு பக்கம், கிட்டத்து ஓரத்துக்கு வீசும் சுலபமான பந்துகளை மட்டுமே பயிற்சியாளர் கொடுத்துக்கொண்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

அழுத்தத்துக்கு வருவோம். எத்தனை முறை அழுத்தம் வந்தது, அதில் எத்தனை சாக் (வீசுமுன் குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவது) ஆனது என்ற விகிதம், சாக் எண்ணிக்கையைவிட நிறையச் சொல்லும். சாக் வாங்குவதில் லைனுக்குப் பாதி, குவார்ட்டர்பேக்குக்குப் பாதி பொறுப்பு. இந்த விகிதமோ பெரும்பாலும் அவன் குணம், அணி மாறினாலும் கூடவே வரும். 20 சதவீதத்தை ஒட்டி இருந்தால் இயல்பு. 25ஐத் தாண்டினால் அவன் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அல்லது ஓடித் தப்பிக்கப் பார்க்கிறான். யுஎஸ்சி பல்கலைக்கழகத்தில் ப்ளேயை நீட்டிப்பதற்குப் பேர்போன கேலப் வில்லியம்ஸ், 2024இல் சிகாகோவில் முதல் சீசனிலேயே 68 சாக் வாங்கினார். லைனின் பலவீனமும் அதில் சேர்ந்ததுதான், ஆனால் முழுவதும் லைன் அல்ல. புள்ளிவிவரம் பார்க்கும்போது ஒரு பொறி: கல்லூரிக் கணக்கில் சாக்கில் இழந்த யார்டுகள் ஓட்ட யார்டிலிருந்து கழிக்கப்படும். "இவன் சீசன் முழுக்க 90 யார்டுதான் ஓடினான்" என்று படித்துவிட்டு, ஓடத் தெரியாதவன் என்று முடிவுகட்டாதீர்கள். 350 ஓடி 260 சாக்கில் போயிருக்கலாம்.

லைன்மேன்கள் அவனைச் சுற்றி அமைக்கும் காப்பான பாக்கெட்டுக்குள் அவன் காலைப் பாருங்கள். லைனின் இரு ஓரங்களிலும் நிற்கும் டேக்கிள் வீரர்கள் தங்கள் குவார்ட்டர்பேக் 7, 8 யார்டு ஆழத்தில் நிற்பான் என்று நம்பித்தான் வெளியிலிருந்து வருபவனைச் சுற்றவிட்டுத் தள்ளுகிறார்கள். இவன் பயந்து 11 யார்டுக்குப் பின்வாங்கினால் சுற்றி வருபவனின் மடியில் போய் விழுவான். பழி டேக்கிள் தலையில் விழும். நல்லவன் ஓரடி முன்னே ஏறி, கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமல், மறுபடி காலை ஊன்றி வீசுவான். அழுத்தம் வந்ததும் கண் கீழே இறங்கி, பாய்ந்து வருபவர்களைப் பார்க்க ஆரம்பித்தால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். இத்தனை வருடப் பயிற்சியில் திருந்தாத பழக்கங்களில் அது முதலிடம் என்பது என் எண்ணம்.

தலைக்குள் என்ன ஓடுகிறது என்பதை ஸ்னாப்புக்கு முன்பே ஓரளவு பார்க்கலாம். வரிசையில் நின்ற பிறகு மொத்த அணியும் தலையைத் திருப்பி பெஞ்சைப் பார்க்கிறதா? அப்படியென்றால் எதிரணியின் அமைப்பைப் படித்து ப்ளேயை மாற்றுவது பயிற்சியாளர். குவார்ட்டர்பேக்கே லைன்பேக்கரைக் கைகாட்டி, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கை இடம் மாற்றி, பிளிட்ஸ் (கூடுதல் ஆட்கள் பாய்ந்து வருவது) வரும் பக்கத்துக்குக் காப்பை நகர்த்தினால் அவனுக்கு வீட்டுப்பாடம் பாதி முடிந்தது. என்எஃப்எல்லில் 1994 முதல் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளர் பேசும் ரேடியோ இருக்கிறது, ஆனால் ப்ளே கடிகாரம் 15 நொடியைத் தொட்டதும் அது அடங்கிவிடும். அதற்குப் பிறகு அவன்பாடு. மேல்மட்டக் கல்லூரி ஆட்டத்துக்கு இந்த ரேடியோ 2024இல்தான் வந்தது.

குறிப்பு எழுதும்போது முடிவையும் வீச்சையும் விளைவையும் தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள். டவுன், தூரம், ஹாஷ், நொடி, அழுத்தம் உண்டா, யாருக்கு வீசினான், பந்து எங்கே போனது. பந்து நேராக டிஃபெண்டரின் மார்பில் பட்டுக் கீழே விழுந்தால் கணக்கில் அது வெறும் தவறிய பாஸ். உங்கள் நோட்டில் அது இன்டர்செப்ஷன். ரிசீவரின் கையில் பட்டுத் தெறித்துப் பிடிபட்டது அவன் தப்பில்லை. இப்படித் திருத்தினால் அந்த 6 இன்டர்செப்ஷன் பெரும்பாலும் 6ஆக இருக்காது.

கை அளவுக்கு வருகிறேன். கையை விரித்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளக்கிறார்கள். 9 அங்குலத்துக்குக் கீழே போனால் புருவம் உயரும். ஜோ பரோ சரியாக 9, 2020இல் முதல் தேர்வு, கைக்காக யாரும் இப்போது அவரைக் குறை சொல்வதில்லை. கென்னி பிக்கெட் எட்டரை, 2022இல் 20ஆவது தேர்வு, இரண்டு கையிலும் கையுறை போட்டே வீசியவர். என்எஃப்எல் பந்தின் குறுக்குச் சுற்றளவு 21 முதல் 21.25 அங்குலம். கல்லூரி விதி 20.75 வரை குறையவும் அனுமதிக்கிறது. அதாவது கல்லூரி அணி சற்று ஒல்லியான பந்தைத் தேர்ந்தெடுத்து ஆடியிருக்க முடியும். சிறிய கைக்கு அந்தக் கால் அங்குலம் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் அளவுகோலை நம்பாமல் படத்தைப் பாருங்கள்: மழையில் பந்து தள்ளாடுகிறதா, போலியாக வீசக் கை ஓங்கும்போது பந்து நழுவுகிறதா, பாக்கெட்டில் ஒருவர் கையைத் தட்டினால் எத்தனை முறை விழுகிறது. பாக்கெட்டில் விழவிட்ட ஃபம்பிள்கள் இரண்டு சீசனில் கைவிரலுக்குள் அடங்கினால் எட்டே முக்காலை மறந்துவிடலாம். உங்கள் அலுவலக நண்பரிடம் அந்த எண்ணிக்கையைக் கேளுங்கள்.

உயரமும் இதே கதைதான். காம்பைன் (டிராஃப்டுக்கு முன் வீரர்களை அளந்து சோதிக்கும் முகாம்) பட்டியலில் 5101 என்று பார்த்தால் 5 அடி 10 அங்குலம், கூட எட்டில் ஒரு பங்கு. அந்த அளவுள்ள ப்ரைஸ் யங்கை 2023இல் முதலில் எடுக்க, கரோலினா தன் 9ஆவது, 61ஆவது இடங்களையும், அடுத்த வருட முதல் சுற்றையும், 2025இன் இரண்டாம் சுற்றையும், டி.ஜே. மூர் என்ற ரிசீவரையும் சிகாகோவுக்குக் கொடுத்தது. அந்த அடுத்த வருட முதல் சுற்றுதான் கேலப் வில்லியம்ஸாக மாறியது. யங்குக்கு அடுத்து போன சி.ஜே. ஸ்ட்ரவுட்டைப் பற்றி, எஸ்2 என்ற மூளைத்திறன் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் என்று டிராஃப்டுக்கு முன் கசியவிட்டார்கள். அவர் முதல் சீசனில் 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷனோடு சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது வாங்கினார். ஏப்ரலில் கசியும் செய்தியில் யாருக்கு லாபம் என்று முதலில் பாருங்கள். அவன் தங்கள் முறை வரை மிஞ்ச வேண்டும் என்று விரும்பும் அணிகள் எப்போதும் இருக்கும்.

ப்ரோ டே, அதாவது கல்லூரியிலேயே அணிகளுக்கு வீசிக்காட்டும் நாள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொந்த ரிசீவர்கள், மனப்பாடமான வரிசை, எதிரே யாரும் இல்லை. 2021இல் ஸாக் வில்சன் ஓடியபடி உடலுக்குக் குறுக்கே வீசிய ஒரே பந்து நாடு முழுக்கச் சுற்றியது. நியூ ஜெர்சியில் ஆடும் ஜெட்ஸ் அவரை இரண்டாவதாக எடுத்தது, மூன்றே சீசனில் கைகழுவியது. உங்கள் ஊர்க்கதை, நான் விளக்கத் தேவையில்லை. மறுபக்கம் 2014இல் டெடி பிரிட்ஜ்வாட்டர் வழக்கமான கையுறை இல்லாமல் வீசி ப்ரோ டேயில் சொதப்ப, 32ஆவது தேர்வு வரை சரிந்தார். ஒரு காலைப்பொழுது, மூன்று வருடப் படத்தை அழித்துவிட்டது.

எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறான் என்பதைத் தரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சான்றின் அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். மிட்செல் ட்ருபிஸ்கி, அந்தனி ரிச்சர்ட்சன் இருவரும் கல்லூரியில் 13 ஆட்டங்களே தொடங்கியவர்கள். ட்ரே லான்ஸ் 17, மொத்தமே 318 வீசுதல்கள், அதற்கு சான் பிரான்சிஸ்கோ மூன்று முதல் சுற்றுகளைக் கொட்டிக் கொடுத்தது. கேம் நியூட்டன் ஆபர்னில் 14தான், 2015இல் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்) ஆனார் என்று எதிர்வாதம் வரும். சரிதான். குறைவாக ஆடியவன் மோசமானவன் அல்ல, அவனைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவு. தெரிந்தது குறைவாக இருக்கும் சரக்குக்கு முழு விலை கொடுப்பதுதான் தவறு.

இன்னொரு வாதமும் உங்கள் மேஜைக்கு வரும்: "ஜோஷ் ஆலனும் கல்லூரியில் 56 சதவீதம்தானே." உண்மை. பஃபலோவில் 2019இல் 58.8ஆக இருந்தது 2020இல் 69.2 ஆனது. ஆனால் அப்படி ஏறியவர் அபூர்வம். ஃப்ளோரிடாவில் கடைசி சீசனில் 54ஐக்கூடத் தொடாத ரிச்சர்ட்சன், 2024இல் இண்டியானாபோலிஸில் 47.7 வீசினார். குறி தவறுபவனை எடுத்துத் திருத்திவிடலாம் என்று எந்த அணியும் நினைக்கலாம். நீங்கள் நினைக்க வேண்டாம்.

உங்கள் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. 2021 முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போனார்கள், 2024 சீசன் தொடங்கியபோது எடுத்த அணியிலேயே மிஞ்சியவர் ட்ரெவர் லாரன்ஸ் மட்டும். அதில் ஆளின் குறை எவ்வளவு, அணியின் குறை எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஜெட்ஸ் 2018இல் மூன்றாவதாக எடுத்த சாம் டார்னல்ட், பல அணி சுற்றிவிட்டு 2024இல் மினசோட்டாவை 14 வெற்றிக்குக் கொண்டுபோனார். கான்சாஸ் சிட்டியின் நட்சத்திரக் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் முதல் வருடம் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே ஆட்டம்தான் தொடங்கினார். ஆகவே உங்கள் அணியின் இடது டேக்கிள் யார், தாக்குதல் பயிற்சியாளர் இரண்டு வருடமாவது இருப்பாரா என்பதையும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்.

எடுக்கலாமா என்ற கேள்விக்கு என் அளவுகோல் இது. அந்த நூற்றுச் சொச்சம் ப்ளேக்களில் முடிவு சரியாக இருந்தவை முக்கால் பங்காவது தேற வேண்டும், அழுத்தத்தில் சாக் விகிதம் 20ஐ ஒட்டி நிற்க வேண்டும், முந்தைய வருடத்தைவிட ஏதாவது ஒன்றில் கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றம் வேண்டும். மூன்றும் இருந்தால் கை சிறியதானாலும் எடுக்கச் சொல்வேன். இரண்டுதான் இருக்கிறதென்றால் அவன் முதல் சுற்றின் பின்பாதிக்கு உரியவன், முதல் ஐந்துக்கு அல்ல.

மதிப்பெண்ணை பிப்ரவரி கடைசிக்குள், இண்டியானாபோலிஸ் காம்பைனுக்கு முன்னாலேயே எழுதித் தேதி போட்டுவிடுங்கள். காம்பைனில் அணிகளுக்கு உண்மையில் வேண்டியது மருத்துவப் பரிசோதனையும் தனி அறை நேர்காணலும்தான், இரண்டும் உங்களுக்குக் கிடைக்காது. அதன்பின் ஏப்ரல் கடைசி வரை வருவதெல்லாம் பெரும்பாலும் பேச்சு. வீசும் தோளிலோ முழங்கையிலோ கோளாறு என்று உறுதியான செய்தி வந்தால் மட்டும் அந்த மதிப்பெண்ணைத் திருத்துங்கள்.